மரண உதவிச் சங்கக் கொப்பி

எங்கள் லயத்தில் சுவர் என்பது ஒரு பேச்சுக்குத்தான்.
ஆறாம் காம்பராவில் தீக்குச்சி உரசினால்
ஏழாம் காம்பராவில் எனக்கு மணக்கும்.
நாகேஸ்வரி ரொட்டி தட்டும் சத்தத்தை
என்னையறியாமல் எண்ணுவேன்.
தை மாதம் எட்டு.
மாசியில் ஐந்து.
வெயில் கொழுந்தைக் கருக்கி
எல்லாருக்கும் அரைப்பேர் விழுந்த கிழமையில்
இரண்டு.

பிறகொரு ராத்திரி
சத்தம் திரும்பவும் எட்டாக வந்தது.
சந்தோஷப்பட்டேன்.
அடுத்த கணம் கூசிப்போனேன்.
மாவுக்கு ஓர் ஈரச் சத்தம் உண்டு,
இது காய்ந்திருந்தது.
வெறுங்கையை வெறுங்கையால்
தட்டிக்கொண்டிருந்தாள்,
எனக்குக் கேட்கட்டும் என்று.

நான் மேல்கணக்கு மரண உதவிச் சங்கத்தின் காரியதரிசி.
வீட்டுக்கு மாதம் இருநூறு ரூபாய்.
பெட்டி, கோடித்துணி, தப்படிக்க வருகிறவர்களுக்குச் செலவு,
மூன்று நாள் சாப்பாடு, எல்லாம் எங்கள் பொறுப்பு.
ஐம்பது நாற்காலி, ஒரு தறப்பாள்,
ஆள் உட்காரக்கூடிய இரண்டு கிடாரம்.
செத்தால் போதும்,
இந்தத் தோட்டத்தில் ஒரு வீட்டையும்
பட்டினி கிடக்க விடமாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன்,
இவ்வளவு கோர்வையாக இல்லை, நடுவில் இருமல் வந்தது.
நாகேஸ்வரி பெயரை எடுக்கவில்லை.
எடுத்திருந்தாலும் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்:
ஒவ்வொரு காம்பராவிலும் யாரோ
அடுத்த காம்பராவை எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பொருளாளர் அந்தோனிமுத்து
தகரப்பெட்டியை மடியில் வைத்து
சாவியை விரலில் சுற்றினார்.
"நாளைக்கே ஒரு சாவு விழுந்தா?"
நியாயமான கேள்வி.
அவருடைய அம்மா கார்த்திகையிலிருந்து படுக்கையில்.

கூட்டம் தரையைப் பார்த்தது.
பின்னாலிருந்து அவர் பெண்சாதி இருதயமேரி சொன்னாள்:
"பெட்டி இல்லாட்டி பாயில சுத்துவோம்.
மாமி கோவிச்சுக்க மாட்டாங்க,
நம்ம வீட்டுல முழுசா இருக்கிறதே அந்தப் பாய்தான்னு
அவங்களுக்குத் தெரியும்."
யாரோ சிரித்தார்கள்.
பெட்டி திறந்தது அந்தச் சிரிப்பில்தான், சாவியில் இல்லை.

நாற்பத்தோராயிரத்து அறுநூறு.
பொகவந்தலாவை டவுனில் அரிசி, பருப்பு, கோதுமை மா,
வாடிய லீக்ஸ் அரை மூட்டை
சும்மா தந்தார்கள்.

திங்கட்கிழமை கிடாரத்தைக் கம்பில் கட்டி
இரண்டு பேர் பிள்ளைக்காம்பராவுக்குத் தூக்கிப் போனார்கள்.
மேல் மலையில் கொழுந்தெடுத்தவர்கள்
கூடையோடு நிமிர்ந்து கத்தினார்கள்:
"யாரு? யாரு போனது?"
"யாரும் போகல!"
அவர்கள் நம்பவில்லை.
விறகு அடுக்குவதைப் பார்த்து
தப்பைச் சூடுகாட்ட வந்துவிட்டார் மலையாண்டி.
பிறகு, வந்ததுதான் வந்தோம் என்று
வெங்காயம் உரித்தார்.

பிள்ளைகள் தின்றார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்கள்
உப்புப் பார்க்கிற மாதிரித் தின்றார்கள்.
நாகேஸ்வரி இரண்டு நாளும் வரவில்லை,
மகனையும் அனுப்பவில்லை.

மூன்றாம் நாள் நான் போய்
கதவில் நின்று சொன்னேன்:
நூற்றிருபது ரொட்டிக்கு மா பிசைந்து கிடக்கு,
தட்ட ஆளில்லை.
பொய்யில்லை. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு
எனக்கு முன்னால் நடந்தாள்.
அன்றைக்கு நான் எண்ணவில்லை.

ராத்திரி கணக்கு எழுத உட்கார்ந்தேன்.
கொப்பியில் கட்டங்கள் அச்சடித்து வந்தவை.
திகதி. செலவு.
இறந்தவர் பெயர்.
பேனாவைப் பிடித்தபடி கனநேரம் இருந்துவிட்டு
"இன்னும் இல்லை" என்று எழுதினேன்.

அந்தோனிமுத்து வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்தார்.
மீதி முந்நூற்று எண்பது ரூபாய்.
சித்திரை மழைக்குக் கொழுந்து திரும்பும்வரை
கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்படி
அம்மாவிடம் சொல்லியிருக்கிறாராம்.